மரியாதையான குடும்பம்

பினாங்கு டத்தோ கிராமாட்டில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நல்ல வழக்கமா கெட்ட வழக்கமா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து யாருக்காவது பரிசோதனை ரிப்போர்ட் வந்தால், டாக்டரிடம் போவதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு குலசேகரம் கிராணியார் வீட்டுக்குப் போவார்கள்.

கிராணி என்றால் குமாஸ்தா. கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். ஓர் ஆஸ்பத்திரி லேபில் டைப் அடிக்கும் வேலை. இரத்தம், சளி, மூத்திரம் என்று மனிதன் உடம்பிலிருந்து வருவதெல்லாம் குப்பியில் அடைபட்டு அந்த லேபுக்குள் போகும், காகிதமாகத் திரும்பி வரும். காகிதமாக்குகிறவர் இவர். லேபை நடத்திய வெள்ளைக்கார டாக்டர் கிறுக்கிக் கொடுப்பதை, கார்பன் தாள் வைத்து, ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்து உறையில் போடுவார். பதினெட்டு வருஷமாக இதே வேலை. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால் அவருக்குக் குமட்டும்.

ஆனால் சாயங்காலம் குளித்து, திருநீறு பூசி, ரம்புத்தான் மரத்தடியில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாரென்றால், பினாங்கிலேயே அவரைவிடப் பெரிய வைத்தியர் கிடையாது. டிராம் மணி அடித்துக்கொண்டு போகும். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் வாசலில் ஊதுவத்தி கொளுத்துவார். பழுப்பு உறைகளோடு நாலு பேர் வந்து நிற்பார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ராமசாமியின் ரிப்போர்ட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மேலேற்றி, "உமக்கு வயித்துக்குள்ள கொக்கிப் புழு கிடக்கு. வெறுங்காலோட நடக்கிறதை முதல்ல நிப்பாட்டும்" என்பார். ராமசாமி இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கும்பிடுவார். மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்து சேரும். கிராணியார் பழத்தைத் தொடமாட்டார், கும்பிட்டதை மட்டும் வைத்துக்கொள்வார். அதில் அவருக்கிருந்த ருசியை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"டாக்டர் வேலையை டாக்டர் பாப்பார். நீங்கள் ஏனப்பா நடுவில நிக்கிறியள்?" என்று மனைவி புஷ்பராணி அவ்வப்போது கேட்பாள்.

"பாவம், இங்கிலீஷ் தெரியாத சனம். வாசிச்சுத்தானே சொல்லுறன்" என்பார் அவர்.

பக்கத்து வீட்டில் பஷீர் இருந்தார். கப்பல்களுக்குக் கயிறு, விளக்கெண்ணெய், பிஸ்கட் டின் எல்லாம் ஏற்றும் கடை அவருக்குச் சூலியா தெருவில் இருந்தது. முப்பது வயது, தமிழ் முஸ்லிம், வாய்ப்பேச்சு அளவோடு. மனைவி மஹ்பூபாவுக்கு வாப்பா தமிழ், உம்மா காமாரியா மலாய்க்காரி. புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் கம்போங் எனப்படும் மலாய்க் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்த பெண். வேலிக்கு மேலே ஒரு கை மட்டும் நீண்டு, வாழையிலையில் சுற்றிய தேங்காய்ப்பால் பலகாரத்தைப் புஷ்பராணியிடம் கொடுத்துவிட்டுப் போகும். கிராணியார் அந்தக் கையைத்தான் பார்த்திருக்கிறார், முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதுதான் அக்கம்பக்கத்து மரியாதை.

மஹ்பூபாவுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. 1929ஆம் வருஷம் மறுபடி உண்டானபோது, லேடி டாக்டர் எதற்கும் இருக்கட்டுமென்று இரத்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரத்தக் குப்பியையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு பஷீரே லேபுக்கு வந்தார்.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. நோயாளிக்கு முன்பு புண், தோல் வியாதி, வீக்கம் ஏதாவது வந்ததுண்டா என்று கேட்டு எழுதவேண்டிய கட்டம். கவுண்டரில் கேட்டு நிரப்பவேண்டியது கிராணியார். கேட்க வாயெடுத்தார். பின்னால் வரிசையில் ஐந்தாறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எதிரே நிற்பவர் தினமும் சலாம் சொல்லும் சிநேகிதர். அவருடைய வீட்டுக்காரியின் உடம்பில் எங்கே புண் வந்தது என்று எந்த முகத்தோடு கேட்பது? கிராணியார் கேட்கவில்லை. கட்டத்துக்குள் தமது அழகான கையெழுத்தில், ஆங்கிலத்தில், "மரியாதையான குடும்பம்" என்று எழுதினார்.

எழுதிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு பஷீரைப் பார்த்துச் சிரித்தார். பஷீருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவரும் சிரித்தார்.

அடுத்த வியாழக்கிழமை முடிவு வந்தது. டைப் அடிக்கும்போதே கிராணியார் பெயரை இரண்டாம் தடவை பார்த்தார். மேக நோய்க்கான சோதனை. முடிவு பாசிட்டிவ்.

லேடி டாக்டர் தைப்பிங்குக்கு லீவில் போயிருந்தார், வர ஒரு வாரமாகும். 'டாக்டர் வரட்டும் தம்பி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சாயங்காலம் பஷீர் உறையோடு ரம்புத்தான் மரத்தடிக்கு வந்து, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, "என்ன போட்டிருக்கு ஐயா?" என்று கேட்டபோது, பதினெட்டு வருஷத்துப் பழக்கம் கிராணியாரை இழுத்துக்கொண்டு போயிற்று.

குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

பஷீர் உறையை நாலாக மடித்தார். பிறகு, "அது எப்படி வரும் ஐயா?" என்றார்.

"ஆம்பிளையிட்ட இருந்து பொம்பிளைக்கு வரும். பொம்பிளையிட்ட இருந்து ஆம்பிளைக்கும் வரும்." தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ஒண்டு செய்யும் தம்பி. உம்முடைய இரத்தத்தையும் பாப்பம்."

மறுநாளே பஷீரின் இரத்தத்தையும் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. அந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தபோது, இது சந்தோஷப்படவேண்டிய செய்தி என்றுதான் கிராணியார் ஒரு நொடி நினைத்தார். பஷீரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தாம் செய்தது உறைத்தது. புருஷனுக்கு இல்லாதது பெண்டாட்டிக்கு இருக்கிறதென்றால் அது வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

சனிக்கிழமை பஷீர் மஹ்பூபாவைப் படகேற்றிக் கொண்டுபோய் அவள் தாய் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினார். திங்கட்கிழமை தெருவில் எதிர்ப்பட்டபோது, தலை நிமிராமலே, "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் காதிகிட்ட போறேன் ஐயா. தலாக் சொல்லி முடிச்சிடலாம்னு" என்றார்.

"வயித்தில பிள்ளை..."

"யாரு பிள்ளைன்னு நான் எப்படி ஐயா சொல்றது?"

அன்று இரவு கிராணியார் சோற்றைத் தள்ளி வைத்தார். புஷ்பராணியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அழுதாள். வேலிக்கு மேலே நீண்ட அந்தக் கையை நினைத்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பெட்டையிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே? ஒரு காயிதம் சொன்னாப் போதுமே?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். யாரோ ஒருவருடைய மலேரியா ரிப்போர்ட். முடிவை அடித்தார். அதன் கீழே எல்லா ரிப்போர்ட்டிலும் அடிக்கிற கடைசி வரியை அடித்தார். இந்த முடிவை நோயாளியின் பழைய வரலாற்றோடு சேர்த்தே படிக்கவேண்டும் என்று பொருள்படும் ஆங்கில வரி அது. பாதியில் விரல் நின்றது. பதினெட்டு வருஷமாக இந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பார்! ஒருதடவைகூடப் படித்ததில்லை. ரம்புத்தான் மரத்தடியில் யாருக்கும் இதை வாசித்துக் காட்டியதுமில்லை. கடிதத்தின் கடைசியில் வரும் 'இப்படிக்கு' என்பதைப் போலத்தான் அதை எண்ணியிருந்தார்.

எழுந்துபோய் அந்த வெள்ளைக்காரத் துரையின் கதவைத் தட்டினார்.

"சேர், இந்தக் கடைசி வரிக்கு என்ன அர்த்தம்?"

துரை மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று சந்தேகம். செய்யவில்லை என்று தெரிந்ததும் உட்காரச் சொன்னார். இரத்தம் பொய் சொல்லாது, ஆனால் முழுதும் சொல்லாது என்றார். மேக நோய்க்கு இந்தச் சோதனை எப்படிக் காட்டுமோ, அப்படியே அதற்குப் பங்காளியான இன்னொரு வியாதிக்கும் காட்டும். அது கம்போங் பிள்ளைகளுக்கு வருகிற வியாதி. மலாய்க்காரர்கள் 'புரு' என்பார்கள். காலிலும் முழங்காலிலும் புண்ணாக வரும், ஒருவர் மேல் ஒருவர் பட்டுப் பரவும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புண் ஆறிப்போகும், இரத்தம் மட்டும் பல வருஷம் பாசிட்டிவ் என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

"இரண்டில் எது என்று எப்படிச் சேர் கண்டுபிடிப்பது?"

"அதற்குத்தானே அந்தக் கட்டம். யார் கேஸ்? கொண்டு வா."

கிராணியார் மஹ்பூபாவின் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். துரை கட்டத்தை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

"மரியாதை என்பது எந்தப் புத்தகத்திலும் வியாதியாகப் போட்டிருக்கவில்லையே. இதை எழுதிய மடையன் யார்?"

யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். கிராணியார் எழுந்து நின்றார். "நான்தான் சேர்" என்றார்.

பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை புஷ்பராணியோடு படகேறி அக்கரையில் உள்ள பிறைக்குப் போய், அங்கிருந்து ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் போய், மாட்டுவண்டி பிடித்து, கேட்டுக் கேட்டு அந்தக் கம்போங்கைக் கண்டுபிடித்தார். பெண்ணின் காலைப் பார்க்கவேண்டும், அதை அவர் பார்க்க முடியாது, ஆகவே புஷ்பராணி. வழியெல்லாம் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தூண்மேல் நின்ற பலகை வீடு. காமாரியா ஏணிப்படியில் இறங்கி வந்து, முன்பின் தெரியாதவர்களைச் சொந்தக்காரர்களைப் போல வரவேற்றாள். கிராணியார் கீழே கோழிகளுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். புஷ்பராணி மேலே போனாள்.

பலகை இடுக்கு வழியாகக் குரல் கேட்டது. "கால் வீங்கியிருக்கோ எண்டு பாப்பம் பிள்ளை. இஞ்சை நீட்டும்." கிராணியார் தமக்குத் தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டார்.

"இது என்ன தழும்பு, பிள்ளை? இஞ்சை முழங்காலிலயும் கிடக்கு?"

காமாரியாதான் பதில் சொன்னாள். "புரு லா, அக்கா. இவளுக்கு நாலு வயசு. இந்தக் கம்போங்ல எல்லா புடாக்கும் வரும், சின்னப் புள்ளைங்களுக்கு. காலு, முட்டி, எல்லாம் புண்ணு. பாவம், நடக்க முடியாது, நண்டு மாதிரி போவா. அப்புறம் தானா காஞ்சிடுச்சு. ஏன் அக்கா கேக்கிறீங்க? இதுவரைக்கும் யாரும் கேக்கல, நானும் சொல்லல."

புஷ்பராணி படியில் இறங்கி வந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். "ஓமப்பா. வட்டம் வட்டமாக் கிடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

கிராணியார் முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் படியின் மேலே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மஹ்பூபா வந்து நின்றாள். கையில் பாதி தைத்த குழந்தைச் சட்டை.

"ஐயா, அவங்க எப்ப வருவாங்கன்னு சொன்னாங்களா? மூணாம் மாசமே உம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. எல்லாரும் ஏழாம் மாசந்தானே அனுப்புவாங்க? இங்க பொண்ணுங்க எல்லாம் கேலி பண்றாங்க, அவ்வளவு செல்லமான்னு."

அவளுக்கு ஒன்றுமே தெரியாது. பஷீர் வெட்கத்தில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருப்பதாக நினைத்து அவள் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள். கிராணியாருக்கு அந்த நிமிஷம் செத்துவிடலாம் போலிருந்தது.

"வருவார், பிள்ளை" என்றார்.

திரும்பி வந்து படகை விட்டு இறங்கியதும் புஷ்பராணியை ரிக்‌ஷாவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நேரே சூலியா தெருவுக்கு நடந்தார். பஷீர் கடைக்குள் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நாலு நாள் தாடி. கிராணியார் நின்றபடியே ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தாம் வாசித்தது பாதி, மீதியைத் தாமாக நிரப்பிச் சொன்னது. படிவத்தில் எழுதிய இரண்டு வார்த்தை. துரை சொன்னது. காலில் இருந்த தழும்பு.

பஷீர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மெதுவாக, "அந்தத் தழும்பு எனக்குத் தெரியும் ஐயா" என்றார்.

"என்ன?"

"கல்யாணமான மூணாம் நாளே தெரியும். சின்னதுல புரு வந்துச்சுன்னு அவளே காட்டினா. அன்னைக்கு லேபுல, புண்ணு ஏதாச்சும் வந்துச்சான்னு நீங்க ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா. ஏன் ஐயா கேக்கல?"

உம்முடைய மானத்துக்காகத்தான் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"இன்னைக்குச் சரியாத்தான் படிக்கிறீங்கன்னு நான் எப்படி நம்புறது?" என்று பஷீர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனாலேயே அது அதிகம் வலித்தது.

"நம்பவேண்டாம் தம்பி. என்னை ஒருநாளும் நம்பவேண்டாம். நாளைக்கு என்னோட லேபுக்கு வாரும். துரையின்ர வாயால கேளும்."

அப்படிக் கூட்டிக்கொண்டு போனால், ரிப்போர்ட்டுகளை மரத்தடியில் வாசித்துச் சொன்ன கதையெல்லாம் துரைக்குத் தெரிந்துவிடும். வேலையே போகலாம். அது தெரிந்தேதான் கூட்டிக்கொண்டு போனார்.

துரை பஷீரை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார். கிராணியார்தான் மொழிபெயர்த்தார், கூட்டாமல் குறைக்காமல். முதல் பிள்ளை போனதற்கு, அந்த வருஷம் அவளுக்கு வந்ததாகப் பஷீர் சொன்ன மலேரியாக் காய்ச்சலே போதுமான காரணம். புருஷனுக்கு ஒன்றுமில்லை, அவளுக்கும் வேறு அடையாளம் இல்லை, சிறுவயதில் புரு வந்திருக்கிறது. சந்தேகப்பட இடமே இல்லை. லேடி டாக்டர் திரும்பியதும் எதற்கும் சில ஊசி போடட்டும். புருவுக்கும் மற்றதற்கும் ஊசி ஒன்றுதான். கடைசியில் துரை, மனைவியிடம் இதைப் பற்றிப் பேசினாயா என்று கேட்டார். பஷீர் இல்லையென்று தலையாட்டினார். அல்லாவே காப்பாற்றினான் என்றார் துரை, மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் தாமே மலாயில்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பஷீர் காதியிடம் போகவில்லை. படகுத்துறைக்குப் போனார்.

கிராணியாருக்கு வேலை போகவில்லை. துரை டைப்ரைட்டரைப் பழனியப்பன் என்ற பையனிடம் கொடுத்துவிட்டு, "நீ இனிமேல் கவுண்டரில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பு" என்றார். ஒன்பது வருஷம் நிரப்பினார். மனிதர்களைத் தனியே அழைத்துப்போய், கதவைச் சாத்தி, கேட்கக் கூசுகிற கேள்விகளை எல்லாம் கேட்டார். முதலில் எச்சில் விழுங்கி விழுங்கிக் கேட்டார், பிறகு பழகிப்போயிற்று. ரம்புத்தான் மரத்தடியில் நாற்காலி போடுவதை நிறுத்தினார். கிராணியாருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று டத்தோ கிராமாட் பேசிக்கொண்டது. பேசட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் அந்தச் சாயங்காலங்களும், ஊதுவத்தி வாசனையும், நாலு பேர் நின்ற நிற்பும் அவருக்குக் கடைசிவரை ஏக்கமாகத்தான் இருந்தன. தப்பு செய்த நாட்கள்தான் என்றாலும் அவை இனிமையான நாட்கள், அதற்கு அவர் என்ன செய்வார்?

1938இல் பென்ஷன் வாங்கிக்கொண்டு கிராணியாரும் புஷ்பராணியும் கொழும்புக் கப்பலுக்குப் புறப்பட்டார்கள். வழியனுப்பப் பஷீர் குடும்பத்தோடு வந்திருந்தார். எட்டு வயது மகள் நோர்மா துறைமுகத்துப் புறாக்களைத் துரத்திக்கொண்டிருந்தாள். மஹ்பூபா புஷ்பராணியின் கையை விடவே இல்லை.

"நாப்பது வருஷமானாலும் உங்களை மறக்கமாட்டேன் அக்கா. நான் உம்மா வூட்ல இருக்கறப்ப என்னைப் பாக்க அவ்வளவு தூரம் வந்தீங்களே" என்றாள். பிறகு ஒன்பது வருஷத்துச் சந்தோஷமும் முகத்தில் ஏற, கிராணியார் பக்கம் திரும்பினாள். "மூணாம் மாசமே அனுப்பினாங்க ஐயா. அனுப்பிட்டு ஒரு வாரம் தாங்கல. வழிக்காத தாடியோட ஓடி வந்து, கம்போங்கே பாக்க, அழுதுட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. இப்படி ஒரு ஆம்பளை பினாங்குல உண்டா, நீங்க சொல்லுங்க?"

ஒன்பது வருஷமாக அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமென்று கிராணியாருக்கு ஒரு தவிப்பு. இன்றுவிட்டால் இனி இல்லை. வாயைத் திறந்தார். பஷீரைப் பார்த்தார். பஷீர் கண்ணிமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைப் பிள்ளை" என்றார் கிராணியார். "நான் எத்தினையோ குடும்பத்தைக் கேட்டு எழுதினனான். இப்பிடி ஒருத்தரைக் காணேல்லை."

மஹ்பூபா பூரித்துப்போய்ப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பஷீர் அங்கே இல்லை. குனிந்து உட்கார்ந்து மகளின் செருப்பு வாரைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.